வயதானவர்களுக்கான பாத்ரூம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பெரியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறோம். பக்கெட், மக், ஹெல்த் ஃபாசெட், போர் தண்ணீர் என்று தமிழ்நாட்டு வீடுகளில் இருப்பதை வைத்தே பதில்கள். அளவுகள் அங்குலத்தில் இருக்கின்றன. கொத்தனாரும் பிளம்பரும் அதில்தான் பேசுகிறார்கள்.

1. அப்பா நல்லாத்தான் நடமாடுறார். இதுவரை விழுந்ததே இல்ல. இப்பவே எதுக்கு இதெல்லாம்?

நேராக நடப்பது வேறு, ஈரத்தரையில் உட்கார்ந்து எழுவது வேறு. படி தாண்டும்போது, கமோடிலிருந்து எழும்போது, முகம் கழுவிவிட்டு நிமிரும்போது, குளித்த கையோடு டவலுக்குத் திரும்பும்போது என்று உடல் நிலை மாறுகிற அந்த ஓரிரு நொடிகள்தான் ஆபத்து. நன்றாக நடப்பவர்களும் அந்த நேரத்தில் கையால் எதையாவது தேடுவார்கள்.

எதைத் தேடுகிறார்கள் என்று பாத்ரூமே காட்டிக்கொடுக்கும். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சுவரை ஒட்டிச் சாய்த்து அடித்துப் பாருங்கள். கமோடு பக்கத்து டைல்ஸில் உள்ளங்கை பட்டுப் பட்டு மங்கிய இடம் தெரியும். நிலைக்கட்டையில் ஒரே உயரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். வாஷ்பேசின் லேசாக ஆடும். கை ஏற்கெனவே பிடிமானம் தேட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடங்களில் பென்சிலால் குறி வையுங்கள். 6-ம் கேள்வியில் தேவைப்படும்.

2. எல்லாத்தையும் ஒரே நேரத்துல செய்ய வசதி இல்ல. முதல்ல எதைச் செய்யணும்?

காசே இல்லாமல் இன்றைக்கே செய்யக்கூடியது: தரையில் கிடக்கும் பழைய துணி மிதியடி, காலி பக்கெட், துணி ஊறும் டப் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். சோப்பு, டவல், மாற்றுத்துணி மூன்றும் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு வரட்டும். சொட்டுகிற ஹெல்த் ஃபாசெட்டுக்கு வாஷர் மாற்றுங்கள். தரை காயாமல் இருப்பதற்குப் பாதி வீடுகளில் அதுதான் காரணம்.

அடுத்து கமோடு அருகே ஒரு கைப்பிடி, குளிக்க ஒரு நல்ல ஸ்டூல், இரவு விளக்கு. டைல்ஸ் மாற்றுவது, கதவு மாற்றுவது போன்ற உடைக்கிற வேலைகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

3. தினமும் கழுவுறோம், அப்படியும் தரை வழுக்குதே, ஏன்?

போர் தண்ணீரிலுள்ள உப்பும் சோப்பும் சேர்ந்து கரையாத ஒரு படலமாகத் தரையில் படிகிறது. காய்ந்தால் வெள்ளையாகத் தெரியும், நனைந்தால் கண்ணுக்கே தெரியாது, கால் மட்டும் வழுக்கும். வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் இது போகாது. வாரம் ஒருமுறை துணி சோப்புத்தூளை வெந்நீரில் கரைத்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு, கட்டை பிரஷ்ஷால் தேய்த்து அலசுங்கள். உப்புக்கறை கெட்டியாக இருந்தால் எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீர் போதும்.

ஆசிட் வேண்டாம். அது டைல்ஸ்களுக்கு இடையிலுள்ள சிமென்ட்டை அரித்துவிடும். அந்தப் பள்ளத்தில் பாசி குடியேறும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் வீட்டில் வேறு யாராவது வைப்பர் போட்டுத் தண்ணீரைத் தள்ளிவிடுவதை ஒரு வழக்கமாக்குங்கள்.

4. ரப்பர் மேட் போட்டா போதுமா? இல்ல டைல்ஸையே மாத்தணுமா?

அடியில் உறிஞ்சிகள் உள்ள மேட், வழவழப்பான பெரிய டைல்ஸில்தான் ஒட்டும். சொரசொரப்பான டைல்ஸிலும், இணைப்புகள் நிறைய உள்ள சின்ன டைல்ஸிலும் காற்று புகுந்து நகரும். காலால் பக்கவாட்டில் பலமாகத் தள்ளிப் பாருங்கள். நகர்ந்தால் அந்த மேட் உங்கள் தரைக்கு ஆகாது. ஓரம் சுருண்டுவிட்டாலும் தூக்கிப் போடுங்கள். தினமும் சுவரில் சாய்த்துக் காயவைக்காவிட்டால் அடியில் பாசி பிடித்து மேட்டே வழுக்கும்.

டைல்ஸ் மாற்றுவதானால் 12 அங்குலச் சதுரம் போதும். அதைவிடப் பெரிது வேண்டாம். இணைப்புகள் அதிகமானால் பிடிமானம் அதிகம், வாட்டம் கொடுக்கவும் எளிது. பெட்டியில் ஆர்9, ஆர்10, ஆர்11 என்று வழுக்காத் தன்மை போட்டிருக்கும். குளிக்கும் இடத்துக்கு ஆர்11, மற்ற இடத்துக்குக் குறைந்தது ஆர்10. அந்தத் தரம் காலணி போட்டுச் சோதித்துக் கொடுப்பது. ஆகவே கடையிலேயே ஒரு சாம்பிளைத் தரையில் வைத்து, சோப்புத் தண்ணீர் ஊற்றி, வெறுங்காலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பழைய டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டினால் தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும். கதவு தட்டும், தண்ணீர் போகும் வாட்டமும் கெடும். இரண்டையும் அளந்து பார்த்த பிறகே அந்த வேலைக்குச் சம்மதியுங்கள்.

5. டவல் ராடைப் பிடிச்சுத்தான் எழுந்திருக்காங்க. அது போதாதா?

போதாது. டவல் ராடு ஈரத்துண்டைத் தாங்கச் செய்தது. கைப்பிடி குறைந்தது 115 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். தடுமாறும் உடல் மெதுவாகத் தொங்காது, வெடுக்கென்று இழுக்கும். டவல் ராடு கையோடு பிடுங்கிக்கொண்டு வந்தால், பிடிமானம் இல்லாமல் விழுவதைவிட மோசமாக, பின்பக்கமாக விழுவார்கள். வாஷ்பேசினும் அப்படித்தான். உறிஞ்சிகளால் சுவரில் ஒட்டும் கைப்பிடிகளையும் நம்ப வேண்டாம். அவை எப்போது விடும் என்று முன்கூட்டித் தெரியாது.

6. கைப்பிடியை எந்த உயரத்துல, எங்க வைக்கணும்?

கமோடு பக்கத்துச் சுவரில் இரண்டு தேவை. ஒன்று படுக்கை வாட்டில், உட்காரும் பலகையிலிருந்து 8 முதல் 10 அங்குலம் மேலே. அழுத்தி ஊன்றி எழுவதற்கு. இன்னொன்று செங்குத்தாக, கமோடின் முன் விளிம்பிலிருந்து 6 முதல் 10 அங்குலம் முன்னால். இழுத்துப் பிடித்து நிமிர்வதற்கு. பல வீடுகளில் படுக்கைக் கம்பி மட்டும் போட்டு, அதுவும் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. எழும்போது உடல் முன்னால் சாய வேண்டும். கையும் முன்னால்தான் போகும். இரண்டையும் சேர்த்த ‘ட’ வடிவக் கைப்பிடியும் கிடைக்கிறது. குளிக்கும் இடத்தில் ஒரு செங்குத்துக் கம்பி, வாசல் படி அருகே உட்புறம் இன்னொன்று.

கம்பியின் கனம் ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலம். சுவருக்கும் கம்பிக்கும் இடைவெளி ஒன்றரை அங்குலம். அதைவிட அதிகமானால் வழுக்கும்போது முழங்கை உள்ளே புகுந்து சிக்கிக்கொள்ளும். துளை போடும் முன் பெரியவரை உடுப்போடு, காய்ந்த தரையில், வழக்கம்போல் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். முதல் கேள்வியில் வைத்த பென்சில் குறியும் கை போகும் இடமும் ஒன்றாக இருந்தால் அதுவே இடம். புத்தக அளவுக்கும் அவர் கைக்கும் வித்தியாசம் வந்தால் அவர் கைக்கு ஏற்ப வையுங்கள்.

7. பிளம்பர் போட்ட கைப்பிடி ஒரே மாசத்துல ஆட ஆரம்பிச்சிருச்சு. ஏன்?

ஸ்க்ரூ செங்கல் வரை போகவில்லை. டைல்ஸ், அதை ஒட்டிய கலவை, பூச்சு மூன்றும் சேர்ந்தாலே ஒன்றரை அங்குலம் வந்துவிடும். பாக்கெட்டில் வரும் இரண்டு அங்குல ஸ்க்ரூ அரை அங்குலம்தான் செங்கலைத் தொடும். 3 முதல் 4 அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவும் அதற்கேற்ற நீள ராவல் பிளக்கும் (துளைக்குள் ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை) தனியாக வாங்குங்கள். ஒவ்வொரு முனையிலும் மூன்று ஸ்க்ரூ. டைல்ஸைத் தாண்டும் வரை டிரில்லில் சுத்தியல் இயக்கத்தை அணைத்து, அதற்குப் பிறகு செங்கலில் போட வேண்டும். இல்லாவிட்டால் டைல்ஸ் விரியும். டிரில்லில் சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் நிறத்திலேயே வந்துகொண்டிருந்தால் இன்னும் கலவையில் இருக்கிறது, அல்லது இரண்டு செங்கலுக்கு இடைப்பட்ட சாந்தில் இறங்குகிறது. சாந்தில் என்றால் இடத்தைச் சற்று மாற்றுங்கள்.

ஹாலோ பிளாக், ஏஏசி பிளாக் (எடை குறைந்த நுண்துளைக் கல்) சுவரில் ராவல் பிளக் நிற்காது. கெமிக்கல் ஆங்கர் என்ற பசையோடு போல்ட் வைக்க வேண்டும். ஹாலோ பிளாக்குக்கு அதனுடன் சல்லடைக் குழாயும் தேவை. போட்டதும் ஒரு நாள் யாரும் தொடக்கூடாது. எந்தச் சுவரானாலும் குழாய்க்கு நேர் மேலும் கீழும் துளை போடாதீர்கள். உள்ளே தண்ணீர்க் குழாய் அந்த வழியாகத்தான் போகும்.

போர் தண்ணீர் வீட்டில் கைப்பிடிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 304 தரம் கேட்டு வாங்குங்கள். 202 தரம் சீக்கிரம் துருப்பிடிக்கும். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டி 304 என்று விற்பார்கள். 202-லும் காந்தம் ஒட்டாது. கம்பியில் தர எண் பொறித்திருக்கிறதா, பில்லில் எழுதித் தருகிறாரா என்று பாருங்கள். பளபளப்பானதைவிடச் சற்று சொரசொரப்பானது சோப்புக் கையில் நிற்கும். எல்லாம் முடிந்ததும் வீட்டிலேயே கனமானவர் இரண்டு கையாலும் பிடித்து முழு எடையோடு பின்னால் சாய்ந்து பார்க்க வேண்டும். அதற்கு முன் பெரியவரிடம் விடாதீர்கள்.

8. வாடகை வீடு. ஓனர் சுவத்துல ஓட்டை போட விடமாட்டாங்க.

கமோடின் இருபுறமும் நிற்கும் கைப்பிடிச் சட்டம் கிடைக்கிறது. கமோடின் பலகை போல்ட்டிலேயே மாட்டும் வகையும் உண்டு. தரையில் வெறுமனே நிற்கும் சட்டத்தில் ஒரு பக்கம் மட்டும் ஊன்றினால் கவிழும்; போல்ட் வகையே நல்லது. நான்கு காலிலும் ரப்பர் புஷ் இருக்க வேண்டும். கழுவ வசதியாகக் கை நுழைய இடம் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

9. பிளாஸ்டிக் சேர் போட்டுக் குளிக்க வைக்கிறோம். பரவாயில்லையா?

ஈர டைல்ஸில் பிளாஸ்டிக் சேரின் கால்கள் அகன்று விரியும். பழசானால் பிளாஸ்டிக் முறுகிப்போய் எச்சரிக்கையே இல்லாமல் உடையும். குளியல் நாற்காலி என்றே விற்பதை வாங்குங்கள்: அலுமினியக் கால், அகலமான ரப்பர் புஷ், தண்ணீர் வடியும் துளை, உயரம் மாற்றும் பொத்தான். தனியாக எழ முடியாதவர்களுக்குக் கை வைத்ததும் முதுகு சாய்வதும் அவசியம். நான்கு காலும் ஒரே உயரத் துளையில் மாட்டியிருக்கின்றனவா என்று மாதம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். புஷ் தேய்ந்து உலோகம் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள்.

10. பக்கெட்ல மொண்டு குளிச்சாத்தான் அம்மாவுக்குத் திருப்தி. ஷவர் பிடிக்காது.

பக்கெட்டே இருக்கட்டும், தரையில் மட்டும் இருக்க வேண்டாம். உட்கார்ந்தபடி தரை பக்கெட்டில் மொண்டால் ஒவ்வொரு மக்குக்கும் உடல் பக்கவாட்டில் சரியும். ஒரு அடி உயரத் திட்டு அல்லது உறுதியான முக்காலி மீது பக்கெட்டை வையுங்கள், அவர்கள் எந்தக் கையால் மொள்வார்களோ அந்தப் பக்கம். நிறைந்த பக்கெட்டை அவர்கள் நகர்த்தக்கூடாது. குழாயிலிருந்து சின்ன ஹோஸ் போட்டு இருந்த இடத்திலேயே நிரப்புங்கள். அரை லிட்டர் மக் கைக்கு இலகு.

11. எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கிறதை நிறுத்தச் சொல்லணுமா?

வேண்டாம், இடத்தை மாற்றுங்கள். அறையிலோ திண்ணையிலோ உட்கார்ந்து தேய்த்துக்கொண்டு, உள்ளங்காலையும் உள்ளங்கையையும் பழைய துணியால் எண்ணெய் போகத் துடைத்த பிறகு பாத்ரூமுக்குள் போகட்டும். அன்றைக்கு ஒருவர் கூடவே போய் ஸ்டூலில் உட்கார வைப்பது நல்லது. குளித்து முடித்ததும் அவர் எழும் முன்பே காலடியில் சீயக்காய்த்தூளையோ சோப்புத்தூளையோ போட்டுத் தேய்த்து அலசிவிடுங்கள். அடுத்து நுழைபவருக்கும் அந்த எண்ணெய்த் தரை ஆபத்துதான்.

12. கமோடு தாழ்வா இருக்கு, எழுந்திருக்க முடியல. மாத்தணுமா?

முதலில் அவரை ஒரு மரநாற்காலியில் பாதம் முழுதாகத் தரையில் படும்படி உட்கார வைத்து, முழங்கால் மடிப்பின் பின்புறத்திலிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். அதைவிட ஒன்று அல்லது இரண்டு அங்குலம் அதிகமாகக் கமோடு பலகை இருக்கலாம். பலருக்கு 17 முதல் 19 அங்குலம் சரியாக வரும். குள்ளமான பாட்டிக்கு 19 அங்குலம் போட்டால் கால் தொங்கி, மலம் கழிக்க முக்க வேண்டியிருக்கும்.

இரண்டு முதல் நான்கு அங்குலம் குறைந்தால் மேலே மாட்டும் உயர்த்தும் பலகை போதும்; கமோடை உடைக்க வேண்டாம். வெறுமனே வைப்பதை விட்டு, திருகி இறுக்கும் கவ்வி உள்ளதை வாங்குங்கள். நம் வீடுகளுக்கு இன்னொரு சங்கதி: தண்ணீரில் கழுவக் கை நுழைய வேண்டும். முன்புறமோ பக்கவாட்டிலோ வெட்டு இல்லாத பலகையில் அது முடியாமல், இரண்டே நாளில் கழற்றி வைத்துவிடுகிறார்கள். இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு உயரத்தை மருத்துவர் அல்லது பிசியோதெரபிஸ்ட் சொல்வதே முடிவு.

13. இந்தியன் டாய்லெட்தான் இருக்கு. மேலேயே வெஸ்டர்ன் மாதிரி வைக்க முடியாதா?

நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலியை அதன் மேல் நிறுத்தலாம். ஆனால் நிறைய வீடுகளில் இந்தியன் டாய்லெட் அரை அடி மேடை மீது இருக்கும். நாற்காலியின் கால் மேடை விளிம்பிலிருந்து குறைந்தது மூன்று அங்குலமாவது உள்ளே நிற்க இடமில்லை என்றால் இந்த வழி கூடாது.

நிரந்தரமாக மாற்றுவதானால், கமோடு வாங்கும் முன் பிளம்பரைக் கூப்பிட்டு, பூச்சு முடிந்த சுவரிலிருந்து கழிவுக்குழாயின் மையம் வரை எவ்வளவு என்று அளக்கச் சொல்லுங்கள். கமோடுகள் 4, 9, 12 அங்குலம் என வெவ்வேறு அளவில் வருகின்றன; மாறினால் பொருந்தாது. அடுக்குமாடியில் தரையைத் தோண்டினால் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு உடையும். அதைத் திரும்பப் பூசி, டைல்ஸ் போடும் முன் 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிக் கீழ்வீட்டுக் கூரையைப் பாருங்கள். இதைத் தவிர்த்துவிட்டு வேலையை முடிக்கச் சொல்லும் ஆளை நம்பாதீர்கள்.

மத்திய அரசின் ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் 2017 முதல் இருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள அல்லது மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் வருமானம் இல்லாத 60 வயது கடந்தவர்களுக்கு முகாம்கள் மூலம் உதவிக் கருவிகளை இலவசமாகத் தருகிறது. கமோடு நாற்காலியும் பட்டியலில் உண்டு. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேளுங்கள்.

14. உள்ளே தாழ்ப்பாள் போட்டுட்டு விழுந்துட்டா எப்படித் திறக்கிறது?

தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கும் பூட்டைப் போடுங்கள். கூச்சமாக இருந்தால் ‘ஆள் இருக்கு’ என்று திருப்பி மாட்டும் அட்டை போதும். இதைவிடப் பெரிய சிக்கல் உள்பக்கம் திறக்கும் கதவு. விழுந்தவரின் உடல் கதவை அடைத்துக்கொண்டால் பூட்டைத் திறந்தும் பயனில்லை. தள்ளினால் அவருக்குத்தான் அடிபடும். ஆசாரியை வைத்து வெளிப்பக்கம் திறப்பதாக மாற்றுங்கள். நிலையில் கதவு படியும் காடியையும் மாற்ற வேண்டியிருக்கும்.

வயர்லெஸ் காலிங் பெல்லின் பொத்தானைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒட்டுங்கள். தண்ணீர் புகாத வகையாக இருக்கட்டும். நெஞ்சுயரத்தில் வைத்தால் விழுந்து கிடப்பவருக்கு எட்டாது.

15. ராத்திரி பாத்ரூம் போகும்போதுதான் தள்ளாடுறார். வெளிச்சம் போட்டா சரியாகுமா?

வெளிச்சம் பாதி. கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை முழங்கால் உயரத்தில் அசைவுக்கு எரியும் சின்ன விளக்குகள் வையுங்கள். படியின் விளிம்பில் மஞ்சள் பட்டை ஒட்டுங்கள்.

மறுபாதி ரத்த அழுத்தம். படுக்கையிலிருந்து எழுந்ததும் அழுத்தம் சட்டென்று இறங்கலாம். பிபி மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது அதிகம். படுத்திருக்கும்போது ஒருமுறை, நின்ற 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் ஒருமுறை பிபி பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் குறித்துக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பிறகு எழட்டும். ஆண்களும் இரவில் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது நல்லது. அடிக்கடி போக வேண்டியிருந்தால் கட்டிலருகே யூரின் கேன் வைப்பதில் வெட்கமே வேண்டாம்.

16. வெந்நீர் விஷயத்துல என்ன கவனிக்கணும்?

சர்க்கரை நோயால் கால் மரத்தவருக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகே தெரியும். பக்கெட்டில் முதலில் பச்சைத்தண்ணீர், பிறகு வெந்நீர். கலந்த பின் வேறொருவர் முழங்கையை விட்டுப் பார்க்கட்டும். கேஸ் கீசரைப் பாத்ரூமுக்குள் வைக்கவே கூடாது. மணமில்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உள்ளேயே மயங்கிவிடுவார்கள். ஹீட்டர் ராடு போட்ட பக்கெட்டை அவர்கள் பக்கமே கொண்டுபோகாதீர்கள். வீட்டு மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு, அதன் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

17. பக்கவாதம் வந்தவர். கைப்பிடி எந்தப் பக்கம்?

வலுவான கைப் பக்கம். 6-ல் சொன்ன அளவுகள் அப்படியே பொருந்தும். ஆனால் உள்ளே போகும்போது வலப்பக்கம் இருந்த கம்பி, திரும்பி வரும்போது இடப்பக்கம் ஆகிவிடும். அதனால் வாசலில் இரு புறமும் வையுங்கள். சுவர் தவறான பக்கம் இருந்தால், பின்சுவரில் பொருத்தி மடக்கி இறக்கும் கம்பி வேண்டும். அதன் எடை முழுவதும் ஒரே முனையில் விழுவதால் நல்ல செங்கல் அல்லது கான்கிரீட் சுவர் இருந்தால் மட்டுமே போடுங்கள்.

18. பாட்டிக்கு மறதி. கமோடு எதிர்ல நின்னுக்கிட்டே எங்கன்னு கேக்கிறாங்க.

வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், வெள்ளைக் கமோடு என்றால் அவர்கள் கண்ணுக்கு எல்லாம் ஒன்று. பலகையை மட்டும் அடர் நீலமோ சிவப்போ ஆக மாற்றுங்கள். கைப்பிடிக்கும் அப்படி ஒரு நிறம். கதவை மூடாமல் கமோடு தெரியும்படி விளக்கைப் போட்டு வையுங்கள். கண்ணாடியில் யாரோ நிற்பதாகப் பயந்தால் துணியால் மூடிவிடுங்கள். பினாயில், ஆசிட் பாட்டில்கள் பாத்ரூமிலேயே இருக்கக்கூடாது.

19. ‘எனக்கென்ன கிழடு தட்டிப்போச்சா’ன்னு கைப்பிடியே வேண்டாம்ங்கிறார் தாத்தா.

கைப்பிடி ஆஸ்பத்திரியை நினைவூட்டுகிறது. அந்த வலி நியாயமானது. எங்கே வைப்பது, என்ன நிறம் என்பதை அவரே முடிவு செய்யட்டும். 6-ல் சொன்னபடி உட்கார்ந்து எழுந்து காட்டச் சொல்லும்போது அவர்தான் வேலையாளுக்கு இடம் காட்ட வேண்டும். அவர் இல்லாத நாளில் போட்டு முடிக்காதீர்கள்.

20. விழுந்துட்டாங்க. உடனே தூக்கலாமா?

தூக்காதீர்கள். முதலில் தண்ணீரை நிறுத்தி, ஹீட்டரை அணைத்து, காய்ந்த துணியால் போர்த்தி, பேச்சுக் கொடுங்கள். ஒரு கால் குட்டையாகத் தெரிந்து பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பெலும்பு முறிந்திருக்கலாம். கழுத்து வலி, மயக்கம், குழறல், கை கால் மரத்துப்போதல் எது இருந்தாலும் அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசினாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே கசிவு மணிக்கணக்கில் தாமதித்தும் தெரியலாம்.

இவை எதுவும் இல்லை, அவரே எழ முடியும் என்றால், பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி, முழங்காலிட்டு, குளியல் நாற்காலியைப் பிடித்து எழட்டும். நீங்கள் நாற்காலியைப் பிடித்துக்கொள்ளுங்கள், அக்குளில் கை கொடுத்து இழுக்காதீர்கள். மருத்துவமனையிலிருந்து வாக்கரோடு திரும்பினால் வாக்கரின் அகலத்தையும் பாத்ரூம் கதவைத் திறந்தபின் கிடைக்கும் இடைவெளியையும் டிஸ்சார்ஜுக்கு முதல் நாளே அளந்து வையுங்கள். இரண்டரை அடிக் கதவில் நிலையும் கதவின் கனமும் போக 26, 27 அங்குலம்தான் மிஞ்சும். சில வாக்கர்கள் அதில் நேராக நுழையாது.